திறக்காத கதவு

அந்த முதியோர் குடியிருப்பில் எட்டு மணிக்குள் எல்லோரும் கதவைத் திறந்துவிட வேண்டும். எட்டரையாகியும் ஓய்வுபெற்ற தபால்காரர் தன் அறையைத் திறக்கவில்லை. எதிர் அறை டீச்சர் ஓடி வந்து கதவைத் தட்டினார். போன மாதம் பதினோராம் அறையும் இப்படித்தான் மூடிக் கிடந்தது.

"ஐயா! கேக்குதா?"

தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.

மேனேஜர் மாற்றுச் சாவியோடு ஓடி வந்து திறந்தார். "டீச்சர், நீங்க உள்ள வராதீங்க."

அவரைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார் டீச்சர்.

சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார் தபால்காரர்.

"எனக்கு உயிரே போயிடுச்சு! ஏன் திறக்கல?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நேத்து கேட்டேன். காலையில வந்து சொல்றேன்னீங்க. முடியாதுன்னுட்டா? அந்தப் பயம்தான்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் திரும்பினார்.

"சார், ரெண்டு பேர் தங்குற மாதிரி அறை ஏதாவது காலியா இருக்கா?"