கனமான காற்று

மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கும் அந்த ஆலையில், ஆய்வகத் தலைவிக்கு ‘சக்கை மேடம்’ என்றுதான் பெயர். எதையும் வீணாக விடமாட்டார். மிஞ்சிய சக்கையைக் காயவைத்து மாட்டுத் தீவனமாக விற்க வைத்தவர் அவர்தான். அந்தச் சக்கையில் ஒட்டியிருக்கும் எண்ணெயைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

இப்போது அவர் நீட்டிய திட்டத்தைப் படித்த புது மேலாளருக்குச் சிரிப்பு வந்தது.

“சக்கையில காசு பார்த்தீங்க, எண்ணெயில பார்த்தீங்க. புளிக்கிற தொட்டியிலருந்து வர்ற வாயுவையும் விடமாட்டீங்களா?”

“அந்த கார்பன் டை ஆக்சைட உறிஞ்சி எடுத்து உறைய வச்சா ட்ரை ஐஸ் பண்ணலாம் சார். மருந்து கெடாம அனுப்புறதுக்கு வாங்கிப்பாங்க.”

“ஆனா அஞ்சு வருஷத்துக்குக் கையைக் கடிக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு மேடம் இந்தப் பிடிவாதம்?”

அவர் ஜன்னல் வழியே தொட்டிகளைப் பார்த்தார்.

“அந்த வாயுவுக்கு நிறமில்ல, வாசனையில்ல. காத்தைவிடக் கனம். தொட்டி அடியில அப்படியே தேங்கி நிக்கும். போன வருஷம் உள்ள இறங்கின மேற்பார்வையாளர் மேல ஏறி வரவே இல்ல.”

“நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது. கேள்விப்பட்டேன், பாவம்.”

“அவர் என் வீட்டுக்காரர் சார். இப்போ அந்த வேலையில இருக்கிறது என் கொழுந்தன்.”

மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று போனை எடுத்தார்.

“இன்னிக்கு யாரும் தொட்டிக்குள்ள இறங்கக் கூடாது.”

“இன்னிக்கு மட்டுமா சார்?”

போனை வைத்துவிட்டு, மேலாளர் திட்டத்தை முன்னால் இழுத்துப் பேனாவைத் தேடினார்.