கசங்கலுக்கு ஒரு சொல்

“நான் மெதுவா மடிக்கிறேன்னு சூப்பர்வைசர் என் கையைப் பிடிச்சு முறுக்கினாரு. கோட்டே கசங்கிப்போச்சு.”

சொல்லிவிட்டு, கழற்றி வைத்திருந்த சீருடைக் கோட்டை மேனேஜரின் மேசைமேல் போட்டாள், சலவைக் கூடத்தில் துணி மடிக்கும் பெண்.

கையில் காயம் இல்லை. தடித்த துணி, எல்லாவற்றையும் அதுவே வாங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கோட்டுதான்.

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே எல்லோரும் பில் போடுகிறவளைப் பார்த்தார்கள். அந்தச் சலவைக் கூடத்தில் ஆங்கிலத்தைத் தடுமாறாமல் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் முந்திக்கொண்டான்.

“கிரீஸ் சார், வெறும் கிரீஸ்!”

அவனுக்குத் தெரிந்த ஆங்கிலமே அரைகுறை. அதில் இந்தச் சொல் இருந்தது அவனுடைய அதிர்ஷ்டம். கிரீஸ் என்றால் மடித்து அடுக்குவதால் விழும் கோடு. சீருடைகளையும் அங்கேயே துவைத்து, தேய்த்து, அடுக்கித்தான் காலையில் கொடுப்பார்கள். எல்லோருடைய கோட்டிலும் அந்தக் கோடு உண்டு.

அது கிரீஸ்தான் என்றால் அந்தப் பெண் பொய் சொல்கிறாள். பொய் என்றால் இன்றோடு வேலை காலி. மேனேஜர் அதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

அவர் பொறுப்புக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இங்கே யார் எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று பில் போடுகிறவளைக் கேட்டார்.

ரிங்கிள், அதாவது சாதாரணச் சுருக்கம், என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தப்பென்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே ரிங்கிள் விழும். அதற்கு இன்னொருவர் கை வேண்டாம். ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று அந்தப் பெண்ணையும் விட்டுவிடுவார்கள், சூப்பர்வைசரும் தப்பித்துக்கொள்வான், விஷயம் அத்தோடு அமுங்கிவிடும்.

அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பில் போடுகிறவள் என்ன சொல்வாள் என்று ஏற்கெனவே முடிவு கட்டிவிட்ட மாதிரி நின்றாள்.

அதுதான் சுருக்கென்று தைத்தது.

“கிரம்பிள்ட்” என்றாள் பில் போடுகிறவள். கைக்குள் பிடித்துக் கசக்கியது என்று அர்த்தம்.

மேனேஜர் கையை விரித்தார். எல்லாம் ஒன்றுதானே, இஸ்திரி போட்டால் போய்விடுமே என்றார்.

ஒன்றில்லை என்றாள் அவள். பக்கத்துத் தட்டிலிருந்து தேய்த்த நாப்கின்களை எடுத்தாள். ஒன்றை நாலாக மடித்து, அழுத்திப் பிரித்தாள். நேர்க்கோடு விழுந்தது. இன்னொன்றை நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுந்தாள். மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அடுத்ததைக் கைக்குள் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். பிரித்தபோது, விரல்கள் அழுந்திய இடத்திலிருந்து சுருக்கங்கள் நாலாபுறமும் ஓடின.

அந்தத் துணிகளைக் கோட்டின் கைப்பகுதிக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினாள். அப்புறம் அந்தப் பெண் சொன்னதை, ஒரு சொல்கூட விடாமல், ஆங்கிலத்தில் சொன்னாள். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. சூப்பர்வைசர் இருந்த பக்கம் திரும்பவும் இல்லை.

மேனேஜர் துணிகளையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கோட்டின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

சூப்பர்வைசரிடம் கையை நீட்டிச் சாவிக்கொத்தைக் கேட்டார்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். பில் போடுகிறவளை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

சாவியை மேசையில் எறிந்துவிட்டுப் போனவன் கதவருகே நின்றான்.

“இந்த வேலையும் போச்சுன்னு நம்ம அம்மாகிட்ட நீயே சொல்லிடுக்கா.”

“சொல்றேன்டா” என்றாள் பில் போடுகிறவள். “ஏன் போச்சுன்னும் சொல்றேன்.”