பட்டியலில் ஒரே ஒருவர்

சட்டைப்பையில் இருந்த கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. சின்னராசா அதை வெளியே எடுக்காமலே, துணிக்கு மேலால் பொத்தானை அழுத்தி அழைப்பைத் துண்டித்தார்.

கடன்காரருக்கு ஒளிச்சுத் திரிகிற மனுசன் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தயாளினி நினைத்திருப்பாள். நினைத்தால் நினைக்கட்டும். மானம் மரியாதை பார்க்கிற நிலையிலா அவர் ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் காப்புறுதிக் கந்தோருக்கு வந்து இந்தக் கதிரையில் குந்தியிருக்கிறார்?

"மனுசியின்ர போன், பிள்ளை," என்றார். "அவவுக்கு இப்ப கதைக்க ஏலாது. எடுக்கிற சனமெல்லாம் எப்ப வருவா, எப்ப வருவா எண்டு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?"

மனைவிக்கு வந்திருந்தது இலட்சத்தில் ஒருவருக்கு வருகிற நரம்பு வருத்தம். முதலில் கண் இமை சரிந்தது. பிறகு குரல் போனது. இப்போது கஞ்சித்தண்ணிகூடத் தொண்டையால் இறங்குதில்லை. இனி மூச்சு ஒன்றுதான் மிச்சம்.

அதற்குரிய ஊசிமருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் முடிந்துபோயிருந்தது. எப்போது வரும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். மருந்தும் அதைப் போடத் தெரிந்த டொக்டரும் இருக்கிற கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியோ காப்புறுதிக் கம்பனியின் பட்டியலில் இல்லை. கம்பனி ஒரு கடிதம் கொடுத்தால் நாளைக்கே கட்டில் தருவார்களாம்.

தயாளினி நல்ல பிள்ளைதான். ஆனால் இங்கே பூசாரி இரங்கினாலும் சாமி கொழும்பில் அல்லவா இருந்தது! அவள் விதியைப் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். பட்டியலில் உள்ள டொக்டர்களில் இந்த வருத்தத்தைப் பார்க்கிறவர் ஒருவருமே இல்லையென்றால் மட்டும் வெளி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுக்கலாம். ஒருவர் இருந்தாலும் அவரிடம்தான் போகவேண்டும். அதையும் தலைமைக் கந்தோர்தான் சொல்லவேண்டும்.

கோப்பில் அவருடைய மனைவி வெறும் திருமதி சின்னராசா. துறைமுகத்தில் அவர் பார்க்கும் எழுதுவினைஞர் வேலையோடு வந்த காப்புறுதி அது. பெண்சாதி என்ற முறையில் அவளுக்கும் அதில் ஓர் ஓரத்தில் இடம் கிடைத்திருந்தது.

காலையில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, கடதாசித் துண்டொன்றில் கோணல்மாணலாக எழுதிக் காட்டியிருந்தாள். தன் பேரைச் சொல்லி ஒருத்தரிடமும் சலுகை கேட்க வேண்டாமாம், எல்லாரையும் போல வரிசையில் நிற்கட்டாம். கல்யாணம் கட்டின நாளில் இருந்து இதே பிடிவாதம். படுத்த படுக்கையிலும் மாறாத சன்மம்! அவரும் அவள் சொன்னபடியே வரிசையில் நின்றுதான் உள்ளே வந்திருந்தார்.

ஆனால் அழக்கூடாது என்று அவள் எழுதவில்லையே. "பிள்ளை, நேற்று இரவு அவவின்ர மூச்சை எண்ணிக்கொண்டு இருந்தனான். எனக்கு அவவை விட்டா ஒருத்தரும் இல்லை," என்றவர் சடாரென்று எழுந்து மேசையைச் சுற்றி வந்தார், அவள் காலில் விழ.

தயாளினி பதறிப்போய் அவரைப் பிடித்து இருத்தினாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, கொழும்புக்குப் போன் எடுத்து, இவருக்காகக் கெஞ்சாத குறையாகக் கதைத்தாள். பிறகு கணினியைப் பார்த்தபடி காத்திருந்தாள். அவர் யன்னலுக்கு வெளியே தெரிந்த துறைமுகத்தைப் பார்த்தார். கண்ணீரில் ஒரு கப்பல் இரண்டாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மலர்ந்தது.

"ஐயா, எங்கட பட்டியலிலயே ஒரு டொக்டர் இருக்காம். இந்த வருத்தத்துக்கெண்டு படிச்ச ஒரே ஒரு ஆள். நம்பரும் அனுப்பியிருக்கினம்."

கோணேசப் பெருமான் கண்ணைத் திறந்துவிட்டார். மனைவிக்குத் தெரியாத அப்படி ஒரு ஆள் யார் என்று ஒரு கணம் நினைத்தார். யாராக இருந்தால் என்ன, உயிர் பிழைத்தால் போதும். விலாசத்தைத் தந்தால் இப்போதே போய்க் காலைப் பிடிப்பேன் என்றார். அலைய வேண்டாம், நானே டொக்டருடன் கதைத்து நாள் எடுத்துத் தருகிறேன் என்று தயாளினி மேசைத் தொலைபேசியை எடுத்து இலக்கங்களை அழுத்தினாள்.

சட்டைப்பை அதிர்ந்தது. நேரகாலம் தெரியாத சனம்! சின்னராசா பொத்தானை அழுத்தித் துண்டித்தார்.

"கட் பண்ணிப்போட்டா," என்றாள் தயாளினி. "வேலையா இருப்பா போல. இன்னொருக்கா எடுத்துப் பாப்பம்."

அவள் அழுத்தினாள். பை அதிர்ந்தது. அவருடைய விரல் பொத்தான் வரைக்கும் போய் அப்படியே நின்றுவிட்டது.

மெதுவாகக் கைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். அது அதிர்ந்து அதிர்ந்து மனைவியின் கோப்புப் பக்கமாக நகர்ந்தது. தயாளினி அதைப் பார்த்தாள், தன் கையில் இருந்த ரிசீவரைப் பார்த்தாள். ரிசீவரை வைத்தாள். அதிர்வு நின்றது.

சின்னராசாவுக்கு இப்போது அழுகையும் வரவில்லை.

"அந்த டொக்டருக்குத்தான், பிள்ளை, வருத்தம்."