அரக்குப் பட்டு ஏலம்

"விட்டுடுங்க அக்கா. யாரோ கட்டின புடவைக்கு இதுக்கு மேல யாராவது குடுப்பாங்களா?" என்றாள் பிரியதர்ஷினி.

ஜலஜா கணினித் திரையில் தெரிந்த அரக்குப் பட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. முகம் தெரியாத யாரோ ஒருவர் விடாமல் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

தலைநகரில், மயூர் விஹாரில் இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஜலஜாவுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நொய்டாவில் ஒரு கம்பெனியில் வேலை. போன வருஷம் ஒரே ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவள். தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். பிரியாவும் துருவுவதில்லை.

இணையத்தில் ஏலம் கேட்டுத் துணி வாங்கும் பைத்தியம் முதலில் பிரியாவுக்குத்தான் பிடித்தது. சரோஜினி நகர் நடைபாதைக் கடைகளில்கூடப் படியாத விலைக்கு ஜீன்ஸும் ஜாக்கெட்டும் வாங்கிக் குவித்திருந்தாள். ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜலஜா, ஒரு கோட்டாப் புடவையின் படத்தைக் கண்டதும் அதைக் கேட்கச் சொன்னாள். மிகவும் மலிவாகவே முடிந்தது.

அதன் பிறகு அந்தப் புடவையை விற்ற அதே ஆசாமி ஏலத்துக்கு வைத்த மெரூன் கோட்டு, காஷ்மீர்ச் சால்வை, சுங்குடி என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் பிரியாவின் பெயரில்தான். வேறு யார் எதை விற்றாலும் ஜலஜா திரும்பிப் பார்க்கமாட்டாள். புடவையோடு வந்த ரவிக்கைகள்கூட அவளுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தன. அக்காவுக்கு மச்சம்தான் என்று பிரியா சிரித்தாள். அந்த ஆசாமிக்கு விலை வைக்கத் தெரியவில்லை என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அரக்குப் பட்டு கை நழுவிப் போயிற்று. கடைசி நொடியில் எதிராளி விலையை ஏற்றிவிட்டார். ஜலஜா எழுந்து போய், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பதைப் பிரியா கவனித்தாள். ஒரு புடவைக்கா இவ்வளவு என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

மறுநாள் விற்பவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஏலம் எடுத்தவர் வேண்டாமென்று விலகிவிட்டாராம். நீங்கள் கடைசியாகக் கேட்ட விலைக்கே தருகிறேன். ஆனால் மாற்றலாகிப் போவதால் வீட்டைக் காலி செய்கிறேன், நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதி, லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பு முகவரியைக் கொடுத்திருந்தார்.

ஜலஜா அதை இரண்டு முறை படித்தாள். தனக்கு ஆபீசில் வேலை இருக்கிறது, நீயே போய் வாங்கி வா என்றாள்.

சனிக்கிழமை பிரியா போனாள். கதவைத் திறந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் இந்தியில் ஆரம்பிக்க, அவர் தமிழிலேயே உள்ளே வரச் சொன்னார். பெயர் வாசுதேவன். சாமான்களையெல்லாம் கட்டி வைத்திருந்தார். நாளை போபால் போகிறாராம். தண்ணீர் கொடுத்துவிட்டு, பீரோவிலிருந்து பட்டை எடுத்து வந்தார். பழைய மடிப்பிலேயே இருந்தால் ஜரிகை இற்றுப்போகும் என்று சொல்லி, பிரித்து வேறு மாதிரி மடித்தார். பழக்கமில்லாத கை. தலைப்பு இரண்டு முறை நழுவியது.

பிரியா கொடுத்த பணத்தை மறுக்காமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் பெண் வாடையே இல்லை என்பதைப் பிரியா கவனித்தாள். இத்தனை நாள் மலிவு மலிவு என்று சந்தோஷப்பட்டது இப்போது உறுத்தியது.

"இதெல்லாம் உங்க மனைவியோடதா சார்?"

"ஆமாம்மா."

"ஸாரி சார். அவங்க எப்ப தவறினாங்க?"

வாசுதேவன் புடவையை ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்தார். வாசல்வரை கூடவே வந்தார்.

"தவறலம்மா. மயூர் விஹார்ல உன்கூடத்தான் இருக்கா. உன் விலாசத்தைப் பார்த்ததுமே அவதான் வாங்கறாள்னு தெரிஞ்சுது. நானா குடுத்தனுப்பினா தொடக்கூட மாட்டா, அதான் ஏலத்துல போட்டேன்."