கழி நின்ற உயரம்

குட்டி ஆடு தாண்டத் தாண்ட, குரங்கு மூங்கில் கழியை உயர்த்திக் கட்டியது. குட்டி தட்டி விழுந்தால் கொஞ்சம் இறக்கியது. அந்தக் காட்டில் தாண்டும் பரீட்சை அப்படித்தான்.

ஓரமாக நின்ற தாய் ஆடு, குட்டி விழுந்ததை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தது.

"பாதிக்குப் பாதி விழுந்துட்டாளே, குரங்கண்ணே! எதிர்ப் புதர் முயல் பையனும் பாதிதான் விழுந்தானாம். அவனும் இவளும் ஒண்ணா?" என்று கண்கலங்கியது.

"விழுற வரைக்கும் கழியை ஏத்துறதுதான் என் வேலை, தங்கச்சி. எல்லாரும்தான் விழுவாங்க. கடைசியில கழி எங்க நிக்குதுன்னு போய்ப் பாரு," என்றது குரங்கு.

தாய் ஆடு கழிக்கு அடியில் போய் நின்று தலையை நிமிர்த்தியது. கொம்புகூட எட்டவில்லை.

"அடி கழுதே!" என்று திரும்பி வந்து, குட்டியின் சிராய்த்த முழங்காலை நக்கிவிட்டது.