தளபதியின் கையெழுத்து

“தொடைக்காத மச்சான்! தேய்க்காத!”

மணவாளன் அலறினார். அதற்குள் அறிவழகன் கைக்குட்டையால் அந்தக் கடிதத்தை அழுத்தித் தேய்த்துவிட்டார். கொட்டிய காப்பியோடு மையும் கரைந்து, தாள் நடுவில் கிழிந்தது.

சாதாரணக் கடிதமா அது? அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஒரு தளபதி தன் கைப்பட எழுதியது.

அந்தப் போரின் கடைசிச் சண்டை நம் கடலூரில்தான் நடந்தது என்று எங்கோ படித்ததிலிருந்து, அந்தக் காலத் தளபதிகளின் கடிதங்கள் என்றால் மணவாளனுக்குப் பைத்தியம். இந்த ஒன்றை வாங்க, மனைவி மலர்க்கொடியின் திருவதிகை நிலத்தையே விற்றார்.

நாளைக்குக் கடலூரில் கண்காட்சி. சென்னையிலிருந்து நிபுணர்களும் பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். புதுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போடக் கடிதத்தை மேஜையில் எடுத்து வைத்த நேரத்தில்தான் மச்சான் டம்ளரைத் தட்டிவிட்டார்.

“வேணும்னே பண்ணிட்ட! சிதம்பரத்துல ஹிஸ்டரி புரொபசர் நீ. உனக்கு வராத பேரு எனக்கு வருதேன்னு வயித்தெரிச்சல்!” மணவாளன் அவர் சட்டையைப் பிடித்தார்.

“கை தவறிடுச்சு மாப்ள.”

“கை தவறுனா கொட்டும். தேச்சுக் கிழிக்குமா?”

அறிவழகன் குனிந்து டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

மலர்க்கொடி ஓடிவந்து கணவனைப் பிடித்து உட்கார வைத்தாள். “நீங்க பேசாதீங்க. இப்பத்தான் நெஞ்சுவலி வந்து பொழச்சு எழுந்திருக்கீங்க.”

அண்ணன் பக்கம் திரும்பினாள். “என் நெலமே போச்சு! எழுந்திருச்சுப் போ. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத!”

அறிவழகன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள், “கூடப் பொறந்தவனே இப்படியா?” என்று அவர் காதில் விழும்படியே சொன்னாள்.

உள்ளே மணவாளன் கிழிந்த தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

கேட்டைச் சாத்த வந்த மலர்க்கொடி, ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு கம்பிக்கு வெளியே கையை நீட்டி அண்ணன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“போட்டோவப் பாத்துப் போலின்னு நீ சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லண்ணே. நாளைக்கு அத்தன பேரு முன்னாடி அது தெரிஞ்சிருந்தா, இவர உசுரோட வீட்டுக்குக் கூட்டியாந்திருக்க முடியாது. நான் கேட்டேன்னு, இந்தக் கெட்ட பேரையும் நீ வாங்கிட்டுப் போறியே...”