வலது கால்

மிதித்துவிட்டாள்.

முன்னால் போன டவுன் பஸ் நின்றதுதான் தாமதம், அவளுடைய வலது கால் கீழே போய் அழுந்தியது. அங்கே பிரேக் கிடையாது. அவள் உட்கார்ந்திருந்தது ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கை.

ஸ்டியரிங்கில் இருந்த செங்கோட்டுவேல் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான்.

"அங்க பிரேக்கு இல்ல புள்ள."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து புருசன் வாயில் இதே கேலிதான். பழைய லாரியில் அவள் காலடி விரிப்பு தேய்ந்து ஓட்டையே விழுந்திருந்தது. பட்டறைக்காரர்கள்கூட அதைக் காட்டிச் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும்.

இன்றைக்கு வண்டி வேறு. ஷோரூமிலிருந்து ஓட்டிப் பார்க்கக் கொடுத்த புது லாரி. நாமக்கல் பைபாஸில் காலை வெயில். பின்னால், படுக்கைப் பலகையில் ஷோரூம்காரர் ஜெயசீலன்.

வண்டி வாங்குவது முடிவாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சண்டை.

முன்னால் போகிற வண்டிக்குத் தக்கபடி லாரி தானே வேகம் குறைக்கும். தானே இடைவெளி விடும். தேவைப்பட்டால் தானே பிரேக்கும் பிடிக்கும். ஓட்டிப் பார்க்கும் இந்த வண்டியில் அது இருந்தது; வாங்கும் வண்டியில் வேண்டுமென்றால் அந்த ஏற்பாட்டுக்குத் தனி விலை.

வேண்டாம் என்றான் அவன்.

"நம்மூரு ரோட்டுல எடம் விட்டா ஊரே உள்ள பூந்துரும். அந்தக் காசுக்கு மொகப்புல சாமி பேர ஜோரா எழுதி, ஏர் ஹாரன் மாட்டலாம். இத்தன வருசம் ஓட்டுன எனக்குத் தெரியாததா அதுக்குத் தெரியும்?"

வேண்டும் என்றாள் அவள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

சொன்னால் அந்தக் கரும்பு டிராக்டர் வாயில் வந்துவிடும்.

போன தை மாசம், ஹூப்ளி போகிற வழி. சாப்பிட்டு ஏறிய மத்தியானம். முன்னால் போன டிராக்டர் சட்டென்று நின்றது. அதற்குப் பின்விளக்கே எரியவில்லை. அவள் திரும்பினாள். அவன் கண் மூடியிருந்தது.

"மாமா!"

கரும்புக்கும் கண்ணாடிக்கும் ஒரு சாண்.

அவன் தண்ணீர் குடித்தான். வண்டியை எடுத்தான். அதற்கப்புறம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து வண்டியில் ஏறினால் அவளுக்குத் தூக்கம் கிடையாது. வயசாகித் தூக்கம் கெட்டுப்போச்சு என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். நல்ல மனுசன்!

அடுத்த மாசம் மகளுக்குப் பிரசவம். பார்த்துக்கொள்ள இவள் வீட்டில் இருந்தாக வேண்டும். இவன் தனியாகப் போவான். பக்கத்தில் கத்துவதற்கு ஆள் இருக்காது.

அவள் பின்னால் திரும்பினாள்.

"ஏனுங்க, முன்னால போறவனுக்குப் பின்லைட்டே எரியலைன்னா?"

செங்கோட்டுவேலின் சிரிப்பு நின்றது.

"இது லைட்டப் பாக்கறதில்லைங்கம்மா, தூரத்தத்தான் பாக்கும்," என்றார் ஜெயசீலன். "அதுக்காக ஓட்டறவரு தூங்கிக்கலாம்னு இல்லைங்க. கண்ணு ரோட்டுல இருந்தே ஆகோணும்."

உள்ளதைச் சொன்னார். அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

சரி, பார்த்துவிடுவோம்.

செருப்பைக் கழற்றினாள். வலது காலை மேலே இழுத்தாள். இடது காலையும் இழுத்தாள். வீட்டில் சோற்றுக்கு உட்காருவதுபோல் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கண் மட்டும் ரோட்டிலேயே இருந்தது.

இடது பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. கையும் காட்டவில்லை, ஒன்றும் காட்டவில்லை. நேராக முன்னால் வந்து விழுந்தது.

லாரி வேகம் குறைந்தது.

வெடுக்கென்று இல்லை. பதறாமல் குறைந்து, ஆட்டோவுக்கு வழி விட்டு, தள்ளியே பின்னால் போனது. செங்கோட்டுவேல் ஆட்டோக்காரனின் வம்சத்தையே இழுத்துத் திட்டினான். லாரி யாரையும் திட்டவில்லை.

அவன் கால் அப்போதுதான் பிரேக் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. வேலை முடிந்த பிறகு.

அதை அவள் பார்த்தாள்.

அவள் பார்த்ததை அவன் பார்த்தான்.

அடேயப்பா, அந்த முகம்!

ஜெயித்துவிட்டாள். வாய் திறக்காமலே ஜெயித்துவிட்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இப்போது சிரித்தால் அவனுக்கு ரோசம் வந்துவிடும், காரியம் கெட்டுவிடும். சிரிப்பை மறைக்கத் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடியது மட்டும்தான் நினைவிருக்கிறது.

எங்கிருந்தோ ஜெயசீலனின் குரல் கேட்டது.

"அண்ணா, இங்க திரும்புனா ஷோரூம். அப்ப அதப் போட்டுக்கறதா, வேண்டாங்களா? அம்மாகிட்டயும் ஒரு வார்த்த..."

"ஷ்..."

செங்கோட்டுவேலுக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"திரும்ப வேண்டாங்க. நேராப் பரமத்தி வரைக்கும் போயிட்டு வந்தரலாம். அவ தூங்கறா."

லாரி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"தை மாசத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் தூங்கறா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மடித்த காலைக் கீழே இறக்கவும் இல்லை.